மதகடியில் நட்ட கழி

ராஜகிரி மலையின் நிழல் இன்னும் ஏரியை விட்டு நகரவில்லை. அந்த நிழல் மதகுக் கல்லைத் தாண்டிப் பின்வாங்கினால்தான் தண்ணீரில் தூண்டில் போடலாம். அதற்கு முன்னால் எவன் போட்டாலும் அன்றைக்கு முழுக்க அவன் சமையலுக்கு வெங்காயம் உரிக்க வேண்டியதுதான். செஞ்சி தூண்டில் சங்கத்தின் முதல் சட்டம் அது. சட்டம் போட்டவர் தேவநாதன் செட்டியார், சங்கத்தின் செயலாளர், கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருப்பவர். பிடித்த மீனை அவர் ஒருநாளும் வாயில் வைத்தது கிடையாது. போட்டியன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கொல்லைப்பக்கம் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஆனால் எந்தப் பாசிக்கடியில் விரால் கிடக்கும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டுவார்.

மாசி மாசம். ஏரி பாதி வற்றியிருந்தது. கடைத்தெருக்காரர்கள் பாதி, குடியானவர்கள் பாதி என்று சங்கத்து ஆட்கள் எல்லாரும் கரையில் கூடி நின்று பல் குத்தினார்கள், பீடி பிடித்தார்கள், ஒருத்தன் கழியை ஒருத்தன் கிண்டல் பண்ணினார்கள். புளியமரத்தடியில் பெண்கள் கல் கூட்டி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். போட்டி முடிந்ததும் எல்லா மீனும் ஒரே குழம்புக்குள் போகும்.

தேவநாதன் சீட்டுச் சட்டியோடு வந்தார். சீட்டில் என்ன எண் வருகிறதோ அதுதான் கரையில் உட்காரும் இடம். வயசான குடியானவர் துரைக்கண்ணு கைவிட்டு ஒரு சீட்டு எடுத்தார். பார்க்காமலே மடியில் செருகிக்கொண்டு மறுபடியும் கையை நீட்டினார். சட்டி ஒரு முழம் பின்னால் போயிற்று.

"எடுத்துட்டீங்களே அண்ணே" என்றார் தேவநாதன்.

"என்னுது எடுத்தேன். பையனுது எடுக்க வாணாமா?"

தேவநாதன் சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். "இந்த வருசம் ராஜாங்கம் பேருக்குச் சீட்டு போடலைண்ணே."

துரைக்கண்ணுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ராஜாங்கம் அவருக்கு ஒரே பையன். அம்மா சின்ன வயதிலேயே போய்விட, அப்பன் வளர்த்த பையன். பட்டாளத்தில் சேர்ந்தான், லீவில் வந்து ஆண்டாளைக் கல்யாணம் பண்ணினான், இரண்டு மாசம் இருந்துவிட்டுப் போனான். அறுபத்திரண்டில் சீனாக்காரனோடு வடகிழக்கு எல்லையில், நேபா மலையில் சண்டை மூண்டபோது, ஆளைக் காணவில்லை என்று தந்தி வந்தது. அடுத்த வருஷம் சீனாக்காரன் பிடித்துவைத்திருந்தவர்களை விட்டான். அவலூர்பேட்டைப் பக்கத்துப் பையன் ஒருத்தன்கூட எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். ராஜாங்கம் வரவில்லை. அப்புறம் பட்டாளத்தாரே அவனைச் செத்தவர்களோடு சேர்த்துவிட்டார்கள். "பொணத்தைப் பாத்தானா எவனாச்சும்?" என்று கேட்டார் துரைக்கண்ணு. எவனும் பார்த்ததில்லை, அதனால் அவர் சொன்னதே நின்றது. மருமகள் பொட்டை எடுக்கவில்லை, பூவை எடுக்கவில்லை. வீட்டில் அழக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு அழுவது அவனை நாமே வழியனுப்புவது மாதிரி என்பது அவர் கட்சி.

சங்கத்துக்காரர்களும் அதற்கு ஒத்துப் போனார்கள். வருஷா வருஷம் துரைக்கண்ணு இரண்டு சீட்டு எடுப்பார், கரையில் இரண்டு கவட்டைக் குச்சி ஊன்றி இரண்டு கழி வைப்பார். வீராசாமி தாண்டிப் போகும்போது, "இன்னா, பையன் கழி அசையுது, அப்பன் கழி தூங்குது" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகவே துரைக்கண்ணு வருஷம் பூராவும் காத்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது அந்த வீராசாமியைத்தான் அவர் கண் தேடியது. சின்ன வயதிலிருந்து கூட்டாளி, பக்கத்துக் கொல்லைக்காரர்.

"மச்சான், என் மருமவ உன் வண்டியில பையன் கழியைக் குடுத்தனுப்பிச்சேன்னு சொன்னாளே. எங்க அது?"

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிற வீராசாமி பின்கழுத்தைத் தேய்த்தார். ஏரியைப் பார்த்தார். துரைக்கண்ணுவும் அந்தப் பக்கம் திரும்பினார்.

மதகடியில் ஒரு கழி நட்டிருந்தது. பிடியில் செம்புக் கம்பி சுற்றின மூங்கில். கம்பி சுற்றியது ராஜாங்கம்.

சங்கத்தில் யாராவது செத்துப்போனால், அடுத்த போட்டியில் அவன் கழியை மதகடியில் நடுவார்கள். அதன் தூண்டில் முள்ளில் ஒரு சோற்றுருண்டை மட்டும் இருக்கும், மீன் பிடிக்க அல்ல, ஒரு மரியாதைக்கு. உச்சிப்பொழுது வரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது. அப்புறம் வீட்டுக்காரர் ஒருத்தர் வந்து அதைப் பிடுங்கி, ஒடித்து, ஏரியில் விட்டுவிடுவார். அத்தோடு அவன் பேர் சீட்டுச் சட்டியிலிருந்து போய்விடும். இடையில் பிடுங்கினால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று ஒரு பேச்சு உண்டு.

துரைக்கண்ணு தேவநாதன் மேல்துண்டைப் பிடித்தார். "எவன்யா நட்டது? செட்டியாரே, எவன் நட்டது? என் பையனை நீ சாவடிச்சிடுவியா?"

"அண்ணே, துண்டை உடுங்க. நானா நடுவேன்? உங்க வீட்டுலேருந்து கேட்டாங்க. கேட்டா இல்லைன்னு சொல்றதுக்குச் சட்டத்துல எடமில்ல."

"எங்க வூட்டுல என்னைத் தவிர எவன் இருக்குறான்?"

கேட்டுவிட்டுத்தான் அவருக்கே பதில் தெரிந்தது. துண்டை விட்டுவிட்டுப் புளியமரத்தைப் பார்த்து நடந்தார்.

ஆண்டாள் அம்மிக்கு முன்னால் குந்தியிருந்தாள். மாமனார் வருவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. மிளகாய்க் கையோடு அப்படியே இருந்தாள். மற்றப் பெண்கள் ஆளுக்கொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

"நீயா நடச் சொன்னே?"

"ஆமா மாமா."

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டா வாணாம்னு சொல்லுவீங்க."

"ஆமா, சொல்லுவேன். அவன் வந்து நின்னு, ஏண்டி எனக்குக் கழி நட்டேன்னு கேட்டா இன்னா சொல்லுவே?"

ஆண்டாள் குழவியை ஒருதரம் உருட்டினாள். "வந்து கேக்கட்டும் மாமா. நான் கால்ல வுழுந்துடறேன். ஆயுசு பூரா திட்டட்டும், கேட்டுக்கறேன்." குரல் மாறவே இல்லை. "நான் இன்னும் ஒரு தபாகூட அழுவலை. தந்தி வந்தன்னைக்கு வாயைத் தொறந்தேன், நீங்க சொம்பைத் தூக்கி அடிச்சீங்க. அதோட சரி. கொல்லையில போயி அழலாம்னு பாத்தா அங்கியும் வந்து நிக்கிறீங்க. எனக்கு நெஞ்சு அடைக்குது மாமா. ராத்திரில மூச்சு வாங்க முடியல. அவருக்காக அழுவுறதுக்கு எனக்கு ஒரு நாளு குடுங்க. வேற ஒண்ணும் வாணாம். எங்க அம்மா வூட்டுக்குக்கூடப் போவலை, உங்களுக்குக் கஞ்சி காச்சிக்கிட்டு இங்கியே இருக்குறேன்."

துரைக்கண்ணு மதகுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "உச்சிக்கு நான் வந்து அதைப் புடுங்க மாட்டேன்" என்றார். "நீயும் புடுங்கக்கூடாது." திரும்பி நடந்தார்.

நிழல் மதகுக் கல்லை விட்டு விலகியது. தேவநாதன் விசில் ஊதினார். கரை நெடுக தூண்டில் நரம்புகள் பறந்து தண்ணீரில் விழுந்தன.

துரைக்கண்ணுவுக்கு விழுந்த இடம் நல்ல இடம்தான், கோரைக்கு ஓரமாக, விரால் மேய்கிற நிழல். அவர் இரைகூடப் போடவில்லை. கழியை மடியில் கிடத்திக்கொண்டு மதகையே பார்த்தார். இரண்டு தடவை எழுந்தார். போய்ப் பிடுங்கி எறிந்துவிட்டால் என்ன? இன்னொரு சாவு விழும் என்றால் விழட்டுமே, அவருக்கு விழுந்தால் பெரிய புண்ணியம். அவருக்கு விழாமல் போனால் வீட்டில் மீதி இருப்பது யார் என்று நினைத்துப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து இடத்தில் ஜவுளிக்கடை வெங்கடரமணன். காலையிலிருந்து அவருக்கு ஒரு நண்டு கிடைத்திருந்தது, அப்புறம் ஒரு பழைய செருப்பு.

"இன்னொண்ணு மாட்டுனா ஜோடி சேந்துடும் மொதலாளி" என்று அப்பால் இருந்து எவனோ கத்தினான்.

"உன் கால் அளவு சொல்லு, பாத்து எடுக்கறேன்" என்றார் வெங்கடரமணன். சிரித்தார்கள். துரைக்கண்ணு முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்கள்.

வெயில் ஏறிற்று. மதகடித் தண்ணீரில் ஒரு குமிழி வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் தக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மெள்ள நடந்தது, சட்டென்று உள்ளே போயிற்று. செம்புக் கம்பி சுற்றின கழி வில்லாக வளைந்தது.

துரைக்கண்ணு ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. வேட்டி அவிழ்ந்து கரையில் கிடந்தது, கோவணத்தோடு மதகுக்குப் போய்ச் சேர்ந்தார்.

"அண்ணே, தொடாதீங்க" என்று தேவநாதன் பின்னாலேயே ஓடிவந்தார். "நட்ட கழிண்ணே."

"நட்ட கழியில மீன் வுழுமா? இதுவரைக்கும் வுழுந்திருக்குதா?"

விழுந்ததில்லைதான். சோற்றுருண்டையை எந்த விரால் தின்னும்? தேவநாதன் வீராசாமியைப் பார்த்தார். "யோவ், முள்ளுல இன்னாய்யா வெச்சே?"

வீராசாமி தலையைச் சொறிந்தார். "தவளை."

"தவளையா? சோறுல்ல வெக்கணும்."

"நான் இன்னா பண்றது? அந்தப் பொண்ணுக்குச் சோறு வெக்கிற வழக்கம் தெரியுமா? ஒரு கொட்டாங்குச்சியில தவளையைப் புடிச்சுப் போட்டு, இலையால மூடிக் கையில குடுத்து, அவுரு இதான் வெப்பாரு மாமான்னுச்சு. அதும் மூஞ்சியைப் பாத்துக்கினு வாணாம்னு சொல்ல எனக்கு வாய் வல்ல."

துரைக்கண்ணு எதையும் காதில் வாங்கவில்லை. கழியை இரண்டு கையாலும் பற்றியிருந்தார். மீன் கல்லுக்கடியில் போகப் பார்த்தது, விட்டுப் பிடித்தார். பாசிக்குள் போகப் பார்த்தது, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மறித்தார். கையில் வந்து இடிக்கிற அந்த இடி ஒவ்வொன்றும் அவருக்கு மீன் இடி மாதிரி இல்லை. யாரோ மறுமுனையில் நின்று இழுக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் அதைச் செவுளில் விரல்விட்டுத் தூக்கியபோது ஒரு முழத்துக்கும் மேலாக வால் நீண்டு தொங்கியது. கறுத்த விரால், வயிற்றுப் பக்கம் மஞ்சள் பூத்து.

ஈரம் சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக்கொண்டு தராசு மாட்டியிருந்த வேப்பமரத்துக்கு வந்தார்.

"எடை போடு செட்டியாரே. ராஜாங்கம் பேர்ல எழுது."

கூட்டம் சுற்றி நின்றது. தேவநாதன் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றார். எடை போட்டால் அவன் போட்டியில் இருக்கிறவன். போடவில்லை என்றால் இந்த மனுஷன் இங்கேயே விழுந்துவிடுவான்.

"நெழல் விலகினப்புறம், உச்சிக்கு முன்னாடி, சங்கத்து ஆளு கழியில வுழுந்த மீனை எடை போடணும். உன் சட்டம்தானே இது?" என்றார் துரைக்கண்ணு. "செத்தவன் கழி மீன் புடிக்காதுய்யா. என் பையன் கழி புடிச்சிடுச்சு."

கடைசியில் வீராசாமிதான், "போடுங்க செட்டியாரே" என்றார் தணிந்த குரலில். "ஒரு மீனு. போட்டுட்டுப் போங்க."

இரண்டே கால் கிலோ. அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

துரைக்கண்ணு வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார். தலையை நிமிர்த்திப் புளியமரத்துப் பக்கம் பார்த்தார். ஆண்டாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள். ஊத ஊதப் புகைதான் வந்தது.

உச்சி தாண்டியது. மதகடியில் கழி இல்லை, அதனால் யாரும் போய்ப் பிடுங்கவேண்டி வரவில்லை. குழம்பு கொதித்து வாசனை கரை முழுக்க ஏறிற்று. இலை போடுவதற்கு முன்னால் பரிசு. சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்குப் போவார்கள். பேர் கூப்பிட்டால் ஆள் "வந்தேன்" என்று சொல்லி எழுந்து வந்து துண்டைத் தோளில் வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் பரிசுக்காரன் சரிகைத் துண்டைப் போட்டுக்கொண்டு குழம்பில் முதல் கரண்டி எடுத்து ஊற்றுவான். கூப்பிடுவது மூன்று தரம். வரவில்லை என்றால் பரிசு அடுத்தவனுக்கு.

"மூணாவது, வெங்கடரமணன்."

"வந்தேன்."

"செருப்பையும் சேத்து எடை போட்டுட்டாங்கப்பா" என்றான் ஒருத்தன். உச்சி நெருங்கும்போது ஒரு விரால் மாட்டியிருந்த வெங்கடரமணன் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

"ரெண்டாவது, வீராசாமி."

"வந்தேன்." அவர் யாரையும் பார்க்காமல் வந்தார், யாரையும் பார்க்காமல் போனார்.

தேவநாதன் சரிகைத் துண்டைக் கையில் எடுத்தார்.

"மொதப் பரிசு." நின்றார். "ராஜாங்கம்."

துரைக்கண்ணு எழுந்திருக்கத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார். எடை போட்டதிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார்: பையன் சார்பில் அப்பன் வாங்கிக்கறேன், அடுத்த வருசம் அவனே வாங்குவான். வார்த்தை வாயில் இருந்தது. ஆனால் அந்தப் பேரை அப்படிக் கூப்பிட்டு அவர் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எல்லாரும் அவனைப் பற்றிப் பேசுவார்கள், அவனை விசாரிப்பார்கள், பாவம் என்பார்கள். வா என்று ஆளைக் கூப்பிடுகிற மாதிரி யாரும் கூப்பிட்டதில்லை. அவரேகூடக் கூப்பிட்டதில்லை. இன்றைக்குத்தான் ஒருத்தன் திறந்த வெளியில், சத்தமாக, பதில் வரும் என்கிற மாதிரி கூப்பிடுகிறான்.

அவர் எழுந்திருக்கவில்லை. ஏரிக்கரைப் பாதையைப் பார்த்தார்.

திருவண்ணாமலை ரோட்டிலிருந்து கரைக்கு ஏறி வருகிற பாதை. அவர் மட்டும் இல்லை, வெங்கடரமணன் பார்த்தார், வீராசாமி பார்த்தார், குழந்தைகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பேரைக் கூப்பிட்டால் ஆள் வருகிற பக்கம் பார்ப்பது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதா? வெயில் பாதையில் கொட்டிக் கிடந்தது. ரோட்டில் ஒரு பஸ் நிற்காமல் போயிற்று.

"ராஜாங்கம்" என்றார் தேவநாதன் இரண்டாவது தரம்.

இப்போது துரைக்கண்ணு காதைத் தீட்டிக்கொண்டார். வெட்கமாக இருந்தது, ஆனாலும் தீட்டிக்கொண்டார். வந்தேன் என்கிற ஒரு வார்த்தை. புளியமரத்துக்குப் பின்னாலிருந்தோ, கோரைக்குள்ளிருந்தோ, எங்கிருந்தாவது. சின்ன வயதில் மாடு ஓட்டப் போனவனைச் சாப்பிடக் கூப்பிட்டால் எங்கேயோ ஒளிந்துகொண்டு பதில் சொல்லமாட்டான், கடைசியில் சிரித்துவிடுவான். அந்தச் சிரிப்பாவது. தண்ணீர் கரையில் அடிக்கிற சத்தம் கேட்டது, அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது. தன் காது இவ்வளவு நன்றாகக் கேட்கிறதே என்று இருந்தது அவருக்கு. இத்தனை கேட்கிற காதுக்கு அது மட்டும் கேட்கவில்லை.

தேவநாதன் மூன்றாவது தரத்துக்கு வாயைத் திறந்தார். அவருக்கு வரவில்லை. துண்டைக் கையில் கசக்கிக்கொண்டு துரைக்கண்ணுவையே பார்த்தார்.

"கூப்புடாதே செட்டியாரே" என்றார் துரைக்கண்ணு. உட்கார்ந்த இடத்திலிருந்துதான் சொன்னார், சாதாரணமாக, யாரோ தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் மாதிரி. "அவன் வரமாட்டான்."

அப்புறம் அடுப்படியில் ஒரு சத்தம். முதலில் அது அழுகை மாதிரியே இல்லை. புரையேறினவள் மூச்சுக்குத் தவிக்கிற மாதிரி ஒரு இழுப்பு. பெண்கள் ஓடிப் பிடிப்பதற்குள் ஆண்டாள் தரையில் சரிந்திருந்தாள். அப்புறம்தான் அது உடைந்தது. ஏரிக்கு அந்தக் கரை வரைக்கும் போயிருக்கும் அந்தக் குரல். அவன் பேரைச் சொல்லி அழுதாள். புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு நினைவில்லை.

"ஏ பொண்ணு, மாமனார் இருக்காரு, மெள்ள" என்று ஒரு கிழவி அவள் வாயைப் பொத்தப் போனாள்.

"உடு" என்றார் துரைக்கண்ணு. எழுந்து வந்திருந்தார். "கையை எடு. அழுவட்டும்."

கிழவி கையை எடுத்தாள். துரைக்கண்ணுவுக்கு அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. மருமகளைத் தொட்டுத் தேற்றுகிற வழக்கம் கிடையாது. விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. அவளுக்கு இரண்டு முழம் தள்ளி, சாம்பலும் மீன் செதிலும் கொட்டிக் கிடந்த தரையில் உட்கார்ந்தார். தானும் அழுதுவிடலாம் என்று பார்த்தார். வரவில்லை. இத்தனை வருஷம் அடைத்து வைத்தது அவ்வளவு சீக்கிரம் வழிவிடுமா? அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார்.

வீராசாமி இலைக்கட்டை ஓரமாக வைத்துவிட்டு ஆண்களையும் குழந்தைகளையும் கரைக்கு அந்தப்பக்கம் கூட்டிப் போனார். குழம்பு அடுப்பிலேயே இருந்தது. யாரும் பசி என்று சொல்லவில்லை.